மண்ணெண்ணெய்த் தகரத்தில் கடல் மணல்

அந்த நாய்க்குட்டிக்குக் கப்பல் நீளத்துக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் இருந்தது. மதாம் அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் குட்டி ஏதாவது ஒரு மூலையை ஈரமாக்கியிருக்கும். நான் அதைக் குட்டி என்றுதான் கூப்பிட்டேன். அதுவும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். அப்பாவுக்கு ஆலையில் வேலை போயிருந்தது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் பிரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளைக்காரர் தெருக்களில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். இனிமேல் இந்தப் பிரெஞ்சு எதற்கு உதவப்போகிறது என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்து அது ஒரு நாய்க்குட்டிக்கு உதவியது. பிரெஞ்சு தெரிந்த பெண்தான் வேண்டும் என்பது மதாமின் நிபந்தனை. குட்டி தமிழ் கேட்டு வளரக்கூடாதாம்.

மதாம் என்றதும் வெள்ளைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். நிறம் எங்கள் நிறம்தான். அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்துவிட்டு, பென்ஷனோடு திரும்பி, கொஞ்ச நாளில் இறந்துபோனவர். பிள்ளைகள் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறிய ஒரு சிநேகிதி இந்தக் குட்டியை மதாமின் மடியில் போட்டுவிட்டுப் போயிருந்தார். வெள்ளை முடி, கறுப்பு மூக்கு, வளர்ந்தாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத ஜாதி. வந்த புதிதில் என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும்.

தெரு நாய்கள் மிதித்த மண்ணில் இப்போதைக்குக் கால் வைக்கக்கூடாது, நோய் வரும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் குட்டியின் உலகம் மேல்மாடிதான். மண்ணெண்ணெய்த் தகரத்தை நீளவாக்கில் வெட்டி, விளிம்பை மடக்கித் தட்டி, அதில் கடல் மணல் நிரப்பிப் பின் தாழ்வாரத்தில் தட்டி மறைப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அங்கே போய் ஒன்றுக்கு இருக்கக் குட்டியைப் பழக்க வேண்டும். அதுதான் என் வேலை.

சொல்லும்போது சுலபம். குட்டி தூங்கி எழுந்ததும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பால் குடித்ததும் ஓட வேண்டும். விளையாட்டு நடுவில் திடீரென்று நின்று தரையை மோந்து ஒரு சுற்றுச் சுற்றினால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். மணலில் விட்டுவிட்டு அது முடிக்கும்வரை பக்கத்தில் குந்திக் காத்திருக்க வேண்டும். முடித்தால் ‘த்ரே பியேன்’, ரொம்ப நல்லது, என்று பிரெஞ்சில் கொஞ்சி, பிஸ்கட்டில் ஒரு விள்ளல் கொடுக்க வேண்டும். தவறான இடத்தில் இருந்துவிட்டால் காடித்தண்ணீர் போட்டுத் துடைக்கலாமே தவிர, அடிக்கக்கூடாது, அதட்டக்கூடாது.

“அதட்டுனா நாய்க்கு மனசு ஒடிஞ்சிடும், பொண்ணே. அப்புறம் பயந்துகிட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு போவும்” என்பார் மதாம். என்னை அதட்டிக்கொண்டேதான் இதைச் சொல்வார்.

காலைப் பூசைக்குப் போகும்போது மதாம் மாடிக் கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். பூசை முடிந்து ஒரு சிநேகிதி வீட்டில் காபி, பிறகு தையல், பிறகு ஊர்க்கதை. பன்னிரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால் திரும்புவார். நான் திருடிக்கொண்டு போய்விடுவேன் என்று நினைத்தாரா, குட்டி ஓடிவிடும் என்று பயந்தாரா, தெரியாது. பூட்டுவது அந்த வீட்டுப் பழக்கம். எனக்கு முன்னால் இருந்த வேலைக்காரியையும் பூட்டிவிட்டுத்தான் போவாராம்.

பூட்டை விடுங்கள். கக்கூஸ்தான் என் கஷ்டம். மேலே பீங்கானில் ஒன்று இருந்தது. அது மதாமுக்கு மட்டும். அந்த அறைக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி. வேலைக்காரர்களுக்கென்று கீழே கொல்லையில் ஓடு போட்ட ஒரு சின்ன அறை. அதற்குப் போக மாடிக் கதவு திறக்க வேண்டும். ஆக, இன்னொரு உயிருக்கு ஒன்றுக்குப் போக இடம் காட்டுவதற்காக என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த வீட்டில், எனக்கு இடம் இல்லை.

முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டேன். “சாவிய உள்ள குடுத்துட்டுப் போங்க மதாம். கொல்லப்பக்கம் போவணும்னா இன்னா பண்றது?”

“காலையில வர்றப்பவே போய்ட்டு மேல வா. நாலு மணி நேரம் அடக்கிக்க முடியாதா? வளந்த பொண்ணுதானே நீ. அதுவா, ஒண்ணும் தெரியாத சிசு.”

குட்டியைக் காட்டித்தான் சொன்னார். அது அப்போது என் பாவாடை ஓரத்தில் ஒன்றுக்கு இருந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். சித்திரை வெயில். முதலியார்பேட்டையிலிருந்து நடந்து வந்து, வாய் உலர உலர மேலே ஏறுவேன். குட்டிக்குக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும்போது அந்தச் சத்தமே என்னை ஏதோ பண்ணும். அது குடித்த மறு நிமிஷம் நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அது நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ‘த்ரே பியேன்’ என்பேன். நாய்க்குட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. பட்டேன். ஜன்னல் பலகைச் சந்து வழியே தெருவைப் பார்ப்பேன். தவளக்குப்பம் பக்கத்திலிருந்து கீரை கொண்டுவரும் பெண்கள் கூடையோடு போவார்கள். அவர்களில் யாருக்காவது அவசரம் என்றால் ஒரு மறைவு தேடிக்கொள்வார்கள். எனக்கு அந்த மாடியில் எல்லாமே மறைவுதான். ஆனாலும் ஓர் இடம் இல்லை.

நீர்க்கடுப்பு வந்தது. அம்மா வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுத்தாள். “தண்ணி குடிக்காம இருந்தா இப்டித்தான் சூடு புடிச்சிக்கும். ஏன்டி குடிக்க மாட்டேங்கற?” என்று கேட்டாள். சொல்லவில்லை. சொன்னால் அப்பா வேலையை விட்டுவிடு என்பார், அடுத்த வேளைக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கோபம் முழுவதும் எனக்குள்ளேயே கிடந்தது.

குட்டியும் சுலபத்தில் படியவில்லை. நல்லபடி பழகிக்கொண்டு வந்தது, திடீரென்று மணலைத் திரும்பியே பார்க்க மாட்டேன் என்றது. மணல் தட்டத்தில் விட்டால் பூந்தொட்டியில் விட்டதுபோல முழித்துக்கொண்டு நிற்கும். இறக்கிவிட்டதும் நேரே போய் மதாம் முழந்தாளிட்டு ஜெபிக்கிற மெத்தையில் ஒன்றுக்கு இருக்கும். மதாம் தலையில் அடித்துக்கொண்டார். இந்த மாத முடிவுக்குள் குட்டி பழகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார்.

தப்பு என்னுடையதுதான், அது தெரியாமல் செய்த தப்பு. எங்கள் வீட்டில் சுத்தம் என்றால் நாற்றம் துளியும் இருக்கக்கூடாது. அம்மா ஈயப் பாத்திரத்தைக்கூடச் சாம்பல் போட்டுத் தேய்த்து மோந்து பார்த்துத்தான் கவிழ்ப்பாள். அந்தக் கையோடு நானும் தினமும் மணலைக் கொட்டிவிட்டு, தகரத்தைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, புது மணல் நிரப்பினேன். தட்டம் பளபளவென்று இருக்கும். குட்டிக்குத் தன் இடம் எது என்று சொல்ல அதில் ஒன்றுமே மிச்சமில்லை. நாய் கண்ணால் இடம் பார்ப்பதில்லை, மூக்கால் பார்க்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மதாம் பென்ஷன் வாங்கப் போன ஒரு நாள். அன்றும் மணல் புதுசு. ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தது, மதாம் வரவில்லை. பசியெடுத்த குட்டி முனகியது, பால் கொடுத்தேன். அப்புறம் கூடத்துக்கும் கதவுக்கும் நடந்தேன். கதவைத் தள்ளிப் பார்த்தேன், அது பூட்டியிருக்கிறது என்று தெரிந்தே தள்ளினேன். அடிவயிறு கல்லாக இறுகியது. நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு மனுஷியை இப்படிக்கூட அடைத்து வைப்பார்களா என்று வாய்விட்டே கத்தினேன். குட்டி பயந்து நாற்காலிக்குக் கீழே போய்விட்டது. அதட்டினால் அதற்கு மனசு ஒடியும் என்பது அன்றைக்கு எனக்கு நினைவில்லை.

பிறகு நான் பின் தாழ்வாரத்துக்குப் போனேன். தட்டி மறைப்பை இழுத்துவிட்டேன். பாவாடையைத் தூக்கிக்கொண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல் குந்தினேன்.

முடிந்ததும் ‘த்ரே பியேன்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

எழுந்து தள்ளி நின்றபோது குட்டி வந்தது. தட்டத்தின் ஓரத்தில் மூக்கை வைத்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. யாரும் தூக்கிவிடாமல் தானே ஏறி, அதே ஈர மணலில் தன் பங்குக்கும் இருந்துவிட்டு இறங்கியது.

அது இறங்கவும் மதாம் கதவைத் திறந்துகொண்டு வரவும் சரியாக இருந்தது. நேரே தாழ்வாரத்துக்கு வந்து, தகரத்தையும் குட்டியையும் பார்த்தார்.

“குட்டி தானே ஏறிப் போச்சு மதாம்” என்றேன். பொய் இல்லை.

“சேசுவே! இத்தனூண்டு வயித்துல இவ்ளோ தண்ணியா!” குட்டியை வாரித் தூக்கி முத்தம் கொடுத்தார். ஒரு முழு பிஸ்கட்டை எடுத்து ஊட்டினார். ஊட்டும்போதே அவர் முகம் மாறியது. “பாவம், எவ்ளோ நேரமா அடக்கி வச்சிருந்துச்சோ. அடக்கக்கூடாது, நோவு வந்துடும். வாயில்லாத ஜீவன், யார்கிட்ட போய்ச் சொல்லும்?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமான கண்ணீர்.

நான் வாயுள்ள ஜீவன். நான் சொல்லியிருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், என் முகத்தைப் பார்த்தால் வேலை போய்விடும் என்று.

மறுநாள் கொல்லையைக் கழுவிவிடச் செய்தார். சுற்றுச்சுவர் இருக்கிறது, தெரு நாய் வராது, மாட்டு டாக்டரிடம் கேட்டாகிவிட்டது என்றார். பூசைக்குக் கிளம்பும்போது இடுப்பிலிருந்து சாவியை உருவி என் கையில் வைத்தார்.

“எப்ப கேட்டாலும் கீழ கூட்டிட்டுப் போ. காக்க வைக்காத. அதுக்குத் தாங்காது.”

மதாமின் செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்தேன். குட்டியின் கிண்ணத்தில் ஊற்றிய அதே பானையிலிருந்து இரண்டு சொம்பு தண்ணீர் மொண்டு நின்றபடியே குடித்தேன். பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு, கதவைத் திறந்து, கொல்லைக்கு இறங்கினேன். அதைத் தரையில் விட்டுவிட்டு ஓடு போட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். வெளியே அது கதவைப் பிறாண்டி அழுதது.

“இரு குட்டி, இது என் முற” என்று தமிழிலேயே சொன்னேன்.

வந்த வேலை முடிந்த பிறகும் நெடுநேரம் உள்ளேயே இருந்தேன். அந்த வீட்டில், கையில் சாவியோடு, நானே உள்ளிருந்து தாழ் போட்டுக்கொண்ட முதல் கதவு அது.