கட்டிங் மாஸ்டரின் ரத்தம்

ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார் என்று கட்டிங் மாஸ்டருக்குப் பெயர். வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இடுப்பு இவ்வளவு, தோள் இவ்வளவு என்று அவர் வாய் முணுமுணுக்கும். டேப்பை வைத்துப் பார்த்தால் அரை இஞ்ச் பிசகாது. அந்தக் கண்ணைக் கொண்டு துணியை மட்டும் வெட்டியிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. மனிதர்களின் ஒழுக்கத்தையும் நோயையும் அதே கண்ணால் அளந்தார். பருத்தவர்கள் தின்று கெட்டவர்கள், மெலிந்தவர்கள் கட்டுப்பாடானவர்கள். அவர் உடம்பு நூல்கண்டைப் பிரித்துப் போட்ட மாதிரி இருக்கும். தீர்ப்பு எழுத அந்தத் தகுதி போதாதா?

மனைவி பருமன். அவருடைய தையல்கடையின் மூலையில் உட்கார்ந்து பட்டன் துளைக்குக் காஜா எடுப்பாள், ஹூக் வைப்பாள். வாரக் கடைசியில் தையல்காரர்கள் முன்னாலேயே அவளை நிற்க வைத்து இடுப்பை அளப்பார்.

"இவளுக்குத் துணி எடுக்கணும்னா ஜவுளிக்கடைக்குப் போகக்கூடாதுப்பா, பந்தல்காரன்கிட்ட போகணும்!"

கடையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் ரோஷக்காரி என்ற பட்டமும் சேர்ந்துவிடுமே. அவளுடைய இரவுச் சாப்பாட்டை நிறுத்தியவரும் அவர்தான். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்பார். அவருக்கு மட்டும் பொழுதெல்லாம் டீ, ஒவ்வொன்றிலும் நாலு கரண்டி சர்க்கரை, தொட்டுக்கொள்ளப் பன். "என்ன தின்னாலும் எனக்கு ஒட்டாது" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார்.

மனைவியின் அக்காவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும் மாஸ்டர் மனைவியைப் பரிசோதனைக் கூடத்துக்கு இழுத்துப் போனார். "உனக்கும் இருக்கும். வேணும்னா எழுதித் தரேன்." ரத்தம் எடுத்த பெண், "நீங்களும் குடுங்க சார், வயசாச்சில்ல" என்றாள். போனால் போகிறது என்று கையை நீட்டினார்.

சுழலும் இயந்திரத்திலிருந்து அந்தப் பெண் இரண்டு குழாய்களை எடுத்து நிறுத்தினாள். அடியில் ரத்தம் படிந்திருந்தது. மேலே நின்ற நீர் ஒன்றில் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. மற்றதில் பாலைக் கலந்த மாதிரி வெளுத்துக் கலங்கியிருந்தது. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்ற மாஸ்டரின் கண்ணில் அது பட்டுவிட்டது.

"பாத்தீங்களா!" என்று காத்திருந்தவர்களைப் பார்த்துக் கையை விரித்தார். "ரத்தத்தைக் கடைஞ்சா வெண்ணெய் எடுக்கலாம் போலிருக்கே! வாயைக் கட்டுன்னு சொன்னா கேட்டாளா?"

பெஞ்சில் நாலைந்து பேர் சிரித்தார்கள். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார்," என்றாள் அந்தப் பெண், "அது உங்களோடது."

"மாத்தி வெச்சிருப்பீங்கம்மா."

அவள் குழாயைத் திருப்பினாள். ஒட்டியிருந்த சீட்டில் அவர் பெயர்தான் இருந்தது. பெஞ்சின் சிரிப்பு அப்படியே அவர் பக்கம் திரும்பியது. ஒரு கிழவர் மட்டும் சிரிப்பை இருமலாக மாற்றி மரியாதை காத்தார். மாஸ்டருக்குக் காது மடல் வரை எரிந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இது ட்ரைகிளிசரைடு. மாவும் சர்க்கரையும் செலவாகாம மிஞ்சினா கல்லீரல் அதைக் கொழுப்பாக்கி ரத்தத்துல விடும். உங்களுக்கு நல்ல கொழுப்பும் கம்மி. இந்த ரெண்டும் சேர்ந்து இருந்தா பெரும்பாலும் இன்சுலின் சொல்றதை உடம்பு சரியாக் கேக்கலைன்னு அர்த்தம். சர்க்கரை வியாதி வர வாய்ப்பு அதிகம். வெறும் வயித்துச் சர்க்கரையும் எல்லைக்கோட்டுல நிக்குது."

"நான் ஒல்லிங்களே, டாக்டர்!"

"பருமனும் ஒரு காரணம்தான். அது ஒண்ணே காரணமில்ல. வெளியில தெரியாம கல்லீரல்ல கொழுப்பு சேர்றவங்க உண்டு. கண்ணால பாத்தே சொல்லிடலாம்னா நாங்க எதுக்கு ஊசி குத்தறோம்? இன்னும் வியாதி வந்துடல, தடுக்கலாம். மறுபடி ஒரு தடவை ரத்தம் பாத்துடுவோம்."

பிறகு மனைவியிடம் திரும்பினார். "உங்களுக்குக் கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சரியா இருக்கும்மா. ரத்தம்தான் குறைச்சல். வேளாவேளைக்குச் சாப்பிடறீங்களா?"

மாஸ்டர் அவள் வாயையே பார்த்தார். ஒரு வார்த்தை போதும், அவர் மானம் அந்த மேசையிலேயே கப்பலேறிவிடும்.

"சாப்பிடறேன் டாக்டர்" என்றாள் அவள்.

காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை பேர் முன்னால் அவர் அவளைக் கூறு போட்டு விற்றிருந்தார். அவளோ அவரை மறைத்துக் காத்தாள்.

கடைக்குள் நுழைந்ததுமே, வாயாடி என்று பெயரெடுத்த தையல்காரி மெஷினை நிறுத்தினாள். "என்ன மாஸ்டர், வீட்டம்மாவுக்குச் சர்க்கரைதானே? நீங்க சொன்னா தப்புமா?"

"ரிப்போர்ட் நாளைக்குத்தான்" என்று வாய் தானாகப் பொய் சொன்னது. மனைவி அவரைக் கடந்து, கடையை ஒட்டிய வீட்டுக்குள் போனாள். இந்தப் பொய்யையும் அவள் மறைத்துக் காக்கப் போகிறாள். கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார்.

"இல்ல. ரிப்போர்ட் வந்துடுச்சு. அவளுக்கு ஒண்ணுமில்ல. கொழுப்பு எனக்குத்தான். சர்க்கரையும் எனக்குத்தான் வரப் பாக்குது."

கடை வெடித்துச் சிரித்தது. "கொழுப்பு உங்களுக்குன்னுதான் எங்களுக்குத் தெரியுமே மாஸ்டர்!"

"விளையாட்டில்லம்மா" என்றார். "அவளை வெச்சு இத்தனை நாளா நான் அடிச்ச கூத்து எல்லாம்… தப்பு. என் தப்பு."

மெஷின்கள் ஓய்ந்தன.

மனைவி உள்ளேயிருந்து தட்டோடு வந்தாள். காலையிலிருந்து வெறும் வயிறு. வழக்கமாக அடுப்படியில் நின்றபடியே விழுங்குகிறவள், கடை நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சோற்றை நிதானமாகப் பிசைந்து உண்ணத் தொடங்கினாள்.

'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ' என்று சொல்ல மாஸ்டருக்கு நாக்கு துறுதுறுத்தது. அவள் சோற்றுக்கு உத்தரவு கொடுக்க, இப்போதும் தான் யார் என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.