ஒரிஜினல் உயரத்தில் ஒரு கல்யாணக் கார்

பழைய கார்களைப் புதுப்பிக்கிற தொழிலில் யாரும் பொய் சொல்வதில்லை. தேதி மட்டும்தான் சொல்வோம். செம்பாக்கம் ஏரிப் பக்கம் எனக்கு ஒரு தகர ஷெட் இருக்கிறது. அதில் நான் சொன்ன தேதிகளையெல்லாம் கோர்த்தால் இரண்டு காலண்டர் வரும். தாத்தாவின் ஸ்கூட்டரையாவது ஓட வைக்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரைத் தூக்கியவர் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே ஜாதி.

இங்கே நான் சொல்லப்போவது ஒரே ஒரு காரைப் பற்றி. இங்கிலாந்துக்காரன் செய்த பெரிய சலூன். முன்னால் நிற்பவனை ஏளனமாகப் பார்க்கிற மாதிரி முகம். தோல் சீட், மர டேஷ்போர்டு, பின் சீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம். மூன்று வருஷம் என்னோடு குடியிருந்தது. என் மனைவி அதை "உங்க சின்ன வீடு" என்பாள்.

ஓடுற கண்டிஷன்

ஜெபராஜ் சார் அஸ்தினாபுரத்துக்காரர், ரிடையர்டு ஃபிசிக்ஸ் வாத்தியார். போனில் அழைத்து, "அப்பாவோட கார். ஓடுற கண்டிஷன்தான் தம்பி. பேட்டரி மட்டும் கொஞ்சம் வீக்" என்றார். உலகத்தில் எந்தப் பழைய காருக்கும் வேறு வியாதி வந்ததே கிடையாது. எல்லாம் பேட்டரி வீக்தான். பத்து வருஷம் மாமரத்தடியில் நின்றிருந்தாலும் பேட்டரி வீக்தான்.

வண்டி கிரேனில் தொங்கியபடி வந்தது. என் டிங்கர் முனுசாமி, முப்பது வருஷமாகத் தகரத்தைத் தட்டியே காது மந்தமானவர், கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். கால் காரின் துருப்பிடித்த தரையைத் தாண்டி என் ஷெட் சிமெண்ட்டில் போய் நின்றது. காலை உருவிக்கொண்டு பானெட்டைத் தூக்கினார். ரொம்ப நேரம் உள்ளேயே பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "பேட்டரி வீக்குன்னாரே சார், பேட்டரி எங்க கீது?"

ஆட்டோவில் போன கல்யாணப் பொண்ணு

ஜெபராஜ் சாருக்கு ஒரே மகள், பியூலா. அவள் கல்யாணத்தன்று இந்தக் காரில்தான் சர்ச்சுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும். "நல்ல விஷயம் சார், முடிச்சிடலாம்" என்று வழக்கம்போல ஒரு தேதி சொன்னேன். வீட்டம்மா கிருபா டீச்சர் ஷெட்டுக்கு வந்தபிறகுதான் விஷயத்தின் ஆழம் தெரிந்தது.

டீச்சர் காரைச் சுற்றி வந்தார். பரீட்சை ஹாலில் காப்பி அடிக்கிறவனைப் பார்க்கிற அதே பார்வை. தொடக்கூட இல்லை. பியூலா கல்யாணத்துக்கு முப்பத்திரண்டு வருஷம் முன்னால் அவருக்குக் கல்யாணம். பெருங்களத்தூர் வீட்டு வாசலில் வெள்ளைப் புடவையும் பூச்செண்டுமாக நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டுக் கார், இதே கார், வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. கார் சானடோரியத்தில் ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. கடைசியில் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் சர்ச்சுக்குப் போனார். ஆட்டோக்காரன் சிகரெட் வாசனை புடவையில் கடைசி வரை போகவில்லையாம். அன்றைக்கு எடுத்த சபதம், இந்தக் காரில் ஒரு நாளும் ஏறியதில்லை.

"இந்தத் தடவை ஏமாத்தாது மேடம், என் பேர் சொல்லி ஓடும்" என்று நெஞ்சைத் தட்டினேன். டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "நான் ஆட்டோல போனேன். என் பொண்ணும் ஆட்டோலதான் போவா. எழுதி வச்சுக்கோங்க."

பாயின் பட்டைகள்

அன்றிலிருந்து அது கார் இல்லை, என் மானம். பியூலா அதில் ஏறிச் சர்ச் வாசலில் இறங்காவிட்டால் நான் ஷெட்டை மூடிவிட்டு இட்லி மாவு விற்கப் போகலாம் என்று முடிவே செய்திருந்தேன்.

அடியில் படுத்துப் பார்த்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. பின்பக்கம் ஸ்பிரிங்கில் ஏதோ சரக்கு வேனின் பட்டைகள், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, கூடுதலாகச் செருகியிருந்தார்கள். ராஜகுமாரி மாதிரி தாழ்ந்து போக வேண்டிய வண்டி, பின்னால் தூக்கிக்கொண்டு, சண்டைக்கு நிற்கிற வாத்து மாதிரி நின்றது. "எந்த மடையன் சார் இதைப் பண்ணது?" என்றேன். குரோம்பேட்டையில் இருந்த ஒரு பாய், அப்பா காலத்து மெக்கானிக், அவர்தான் போட்டாராம்; ஏன் போட்டார் என்று தனக்குத் தெரியாது என்றார் ஜெபராஜ் சார்.

நான் காரணம் கேட்கவில்லை. படித்த மெக்கானிக் அல்லவா. கம்பெனிப் புத்தகத்தை விரித்து, தரையிலிருந்து இத்தனை அங்குலம் என்று அளந்து, பாயின் பட்டைகளைக் கழற்றி வீசி, ஒரிஜினல் உயரத்துக்கு இறக்கினேன். ஜெபராஜ் சார் தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இப்பதான் தம்பி இது எங்கப்பா கார்" என்றார்.

கரையான் கேரண்டி

ஒரிஜினல், ஒரிஜினல் என்று நாங்கள் இருவரும் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. ஒரு திருகாணிக்காகக் கோயம்புத்தூர் போனேன். டேஷ்போர்டின் வால்நட் மரம் மட்டும் பொரிந்துபோயிருந்தது. பெரும்பாக்கத்தில் ஃபிளாட்டுகளுக்கு அலமாரி அடிக்கிற ஒரு ஆசாரியிடம் கொடுத்து, "பாலிஷ் மட்டும் போதும், கை வைக்காதீங்க" என்று மூன்று தடவை சொன்னேன். அதுதான் தப்பு. நம் ஊரில் ஒன்றை மூன்று தடவை வேண்டாம் என்றால், வெட்கப்படுகிறான் என்று அர்த்தம்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். டேஷ்போர்டு பளபளவென்று மாடுலர் கிச்சன் மாதிரி ஜொலித்தது. மேலே மைக்கா. நடுவே வட்டமாக ஒரு ஓட்டை, டம்ளர் வைக்க. நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். ஆசாரி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டினார். "ஈரத்துணி போட்டுத் துடைங்க சார், ஒண்ணும் ஆகாது. கரையானுக்கு நான் கேரண்டி!"

அந்த மைக்காவை உரித்து வேறு மரம் ஒட்ட ஐந்து மாதம் ஆயிற்று.

ஏரிக்கரை நிபுணர்கள்

செம்பாக்கம் ஏரியைச் சுற்றி வாக்கிங் போகிறவர்களுக்கு சர்க்கரை குறைகிறதோ இல்லையோ, என் ஷெட்டில் ஆலோசனை சொல்லாமல் அன்றைய நடை முடியாது. பெயிண்ட் முடிந்து காரை வெயிலில் நிறுத்தியிருந்தேன். கரும்பச்சை. ஏழு கோட்டு. முகம் பார்த்துத் தலை வாரலாம். ஒரு பெரியவர் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் வரை நடந்தார், திரும்ப வந்தார். மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஒரு ரசிகன் கிடைத்தான் என்று எனக்குப் புல்லரித்தது. பெரியவர் செருமிக்கொண்டு கேட்டார்: "மைலேஜ் எவ்ளோ தரும்?"

நாலு எலுமிச்சம்பழம்

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் டெலிவரி. ஆமாம், சொன்ன தேதியில். நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஜெபராஜ் சார் பானெட் மேல் கை வைத்து, கண் மூடி, நீளமாக ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லி நாங்கள் கண்ணைத் திறந்தால், நாலு டயருக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம். முனுசாமி எதுவும் தெரியாதவர் மாதிரி நின்றார்.

"அதான் ஜெபம் பண்ணியாச்சே, இது எதுக்கு?" என்றார் சார். முனுசாமி சளைக்கவில்லை: "ஜெபம் உள்ள குந்திக்கறவங்களுக்கு சார். எலுமிச்சம்பழம் டயருக்கு."

நான் மட்டும் ஓட்டிக்கொண்டு அஸ்தினாபுரம் போனேன். அவர்கள் தெருவில் ரோடு போட்டுப் போட்டு வீடெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டது. கேட்டிலிருந்து போர்டிகோவுக்கு ஒரு செங்குத்துச் சரிவு. இறங்கும்போது அடியில் "கிர்ர்" என்று ஒரு சத்தம். பந்தல் வாழைமரம் உரசுகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கேட் தண்டவாளம்

காலையில் முனுசாமியையும் கூட்டிக்கொண்டு போனேன், கார் முழுக்க மல்லிகை. சொந்தக்காரர்கள் வேறு வண்டிகளில் முன்னாலேயே சர்ச்சுக்குப் போய்விட்டார்கள். பியூலா வெள்ளைப் பட்டில் பின்னால் உட்கார்ந்தாள், பக்கத்தில் இரண்டு தோழிகள். முன்னால் ஜெபராஜ் சார், கோட்டும் சூட்டுமாக. டீச்சர் வீட்டைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் வருவதாகச் சொல்லி வாசலில் நின்றார். இன்ஜின் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. பெருமையோடு முதல் கியர் போட்டேன்.

முன் சக்கரம் ரோட்டில் ஏறியது. நாலு பேர் கனத்தில் பின்பக்கம் அமுங்கியது. "டணார்!" ஸ்லைடிங் கேட் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்தில் சைலன்சர் போய் மாட்டிக்கொண்டது. எல்லாரையும் இறங்கச் சொன்னேன். எல்லாரும் இறங்கினார்கள், கார் மட்டும் அசையவில்லை. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. முனுசாமி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "பாயை மடையன்னு சொன்னியே சார். இந்த வூட்டு கேட்டப் பாத்துகினுதான் அந்தப் பட்டைய போட்டுகிறாரு!"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ஜெபராஜ் சார் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பியூலா பூச்செண்டைத் தூக்கிக் காட்டி, போகிற ஆட்டோவை நிறுத்தினாள். அப்பாவையும் தோழிகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டாள். "அம்மா, நீ வராம நான் உள்ள போக மாட்டேன், சீக்கிரம் வா!" என்று கத்திக்கொண்டே போய்விட்டாள். டீச்சர் சொன்னது பலித்துவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பந்தல்காரர்கள் சவுக்குக் கம்புகளைக் கொடுத்துத் தூக்கினார்கள். கார் வந்தது, சைலன்சர் வரவில்லை. தெருவில் வேறு வண்டி எதுவும் இல்லை. டீச்சர் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். வந்தார். பின் கதவைத் தாமே திறந்து, மல்லிகைக்கு நடுவே, மகள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் தண்ணி லாரி மாதிரி உறுமிக்கொண்டு பறந்தேன். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடியில் பார்த்தால், டீச்சர் சீட்டின் தோலைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சுடுங்க மேடம், அஞ்சே நிமிஷம், கொண்டுபோய் விட்டுடறேன்" என்றேன். சானடோரியம் தாண்டியது. டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதுக்கு தம்பி பறக்கிறீங்க? பியூலா காத்திருப்பா. நான் முப்பத்திரண்டு வருஷம் லேட்டு, மெதுவாவே போங்க."

இப்போதெல்லாம் எந்தப் பழைய வண்டி ஷெட்டுக்கு வந்தாலும் நான் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை, ஓனர் வீட்டு கேட்டைப் போய் அளந்துவிட்டு வருகிறேன்.