மாமாவின் குதிரைக்குத் தீனி

மகளின் குதிரையேற்ற வகுப்பு முடியும் நேரத்துக்கு லாயத்துக்குள் நுழைந்தேன். காய்ந்த புல்லும் குதிரை வியர்வையும் கலந்த வாடை அடித்ததும் பெரிய மாமா ஞாபகம் வந்துவிட்டது.

அம்மாவின் அண்ணன் அவர். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு மாதம் தவறாமல் கௌபாய் நாவல் எழுதினவர். எல்லாக் கதையும் டெக்சாஸில்தான் நடக்கும். ஆனால் தொண்ணூறுகளில், நான் பள்ளியில் படித்தபோது, ஹூஸ்டனில் எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் டெக்சாஸையே முதன்முதலாகப் பார்த்தார். அப்பா அவரை ஒரு மாட்டுப் பண்ணைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு குதிரை புல் தின்றுகொண்டிருந்தது. மாமா கிட்டே போகவில்லை. வேலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது. குதிரை தின்றுகொண்டே இருந்தது.

"போலாமா மச்சான்? ஃப்ரீவேல டிராஃபிக் ஆயிடும்," என்றார் அப்பா.

"இருங்க மாப்பிள்ளை. என் குதிரை இத்தனை வருஷமா பாலைவனத்துல ஓடுது. ஒரு புத்தகத்துலகூட அதுக்கு நான் தீனி போட்டதில்லை."



ஊர் திரும்பி அவர் எழுதிய நாவல் தபாலில் வந்தது. அம்மா வாசிக்கக் கேட்டேன். கடைசி அத்தியாயத்தில் வில்லன் தப்பித்துவிட்டான். குதிரை தின்று முடிக்கட்டும் என்று நாயகன் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டுக் காத்திருந்தான். வாசகர்கள் திட்டி எழுதினார்களாம்.

மகள் ஓட்டிய குதிரை இப்போது தலை குனிந்து புல்லை மென்றுகொண்டிருந்தது.

"அம்மா, கேன் வீ கோ நௌ?"

"இரு," என்றேன். "அது சாப்பிட்டு முடிக்கட்டும்."