எங்களுக்கும் சேர்த்துப் பயந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸில் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கிள்ளானிலிருந்து பரமசிவம் அண்ணனின் மகள். "அங்கிள், அப்பா நெஞ்சு வலி வந்து தவறிட்டாரு" என்றாள். முந்தின நாள்தான் அவர் போன் செய்து, "மழை புடிச்சிருச்சி. ரோட்டுல தண்ணி நிக்கும், மெதுவா ஓட்டு" என்று சொல்லியிருந்தார். நான் அன்று எங்கும் கிளம்பவே இல்லை. ஆனாலும் சொன்னார். அதுதான் அண்ணன்.

நம் கார் கிளப்பில் இருந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. விபத்தில் நசுங்கிய கார்களை நேரில் போய்ப் பார்த்துச் சேதத்தை எழுதிக் கொடுப்பார். வாரம் முழுக்க அதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேகம் வேகம் என்று அலையும் எங்களோடு வந்து சேர்வார். காரென்றால் உயிர், காரென்றால் பயம். இரண்டும் ஒரே மனிதருக்குள் எப்படிக் குடியிருந்தனவோ! அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பிரேக்'. கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சீனரின் வொர்க்‌ஷாப்புக்கு டைனோ என்ற எஞ்சின் சோதனை மெஷின் புதிதாக வந்திருந்த சமயம். தரையில் பதித்த இரும்பு உருளைகள்மேல் காரின் சக்கரங்களை நிறுத்தி, பெல்ட்டால் காரை இறுகக் கட்டிவிட்டு, முழு வேகத்தில் மிதிக்க வேண்டும். கார் நின்ற இடத்தில் நிற்கும், சக்கரம் மட்டும் சுற்றும், எஞ்சினுக்கு எத்தனை குதிரைச் சக்தி என்று மெஷின் சொல்லிவிடும். அதுவரை காப்பிக் கடையில் வாயாலேயே குதிரைகளை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். விடுவோமா? குடும்பத்தோடு கூடிவிட்டோம். மீஹூன், கோழி வறுவல், பாட்டுப் பெட்டி, பிள்ளைகளின் கூச்சல்.

அண்ணன் மட்டும் வந்ததிலிருந்தே இருப்புக்கொள்ளாமல் சுற்றினார். காருக்கு நேர் எதிரே நிழலில் சாப்பாட்டு மேசையைப் போட்டிருந்தோம். "முன்னாடி யாரும் நிக்கக் கூடாது லா" என்று மேசையையும் பெண்களையும் பிள்ளைகளையும் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் வெயிலுக்குத் துரத்தினார். என் மனைவி சாந்தி முணுமுணுத்துக்கொண்டே மீஹூன் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். பிறகு பின்பக்க பெல்ட்டில் கை வைத்தார். "இது நைஞ்சிருக்கு. மாத்துங்க."

"அண்ணே, இந்த பெல்ட்டுல நேத்து லோரியவே கட்டுனாங்களாம். நீங்க வேற!" என்றேன். முதல் கார் என்னுடையது, எனக்கோ அவசரம்.

"நான் பயந்துக்கிறேன். நீ சந்தோஷமா ஓட்டு. ஆனா பெல்ட்ட மாத்திட்டு ஓட்டு" என்றார். மாற்றாமல் நகரவே இல்லை மனிதர். முதலாளி முகம் சுளித்துக்கொண்டு புது பெல்ட்டைக் கொண்டுவந்து கட்டினார்.

அதோடு விட்டாரா? பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்தார். கோயிலில் புது வண்டிக்கு வைப்பதுபோல் உருளைமேல் நின்ற சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாகச் செருகிவிட்டுக் கும்பிட்டார். சாமி காரியம் என்று முதலாளியும் வாயை மூடிக்கொண்டார். இரும்பு உருளையில் பழம் நசுங்கினால் என்ன ஆகும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

மிதித்தேன். எஞ்சின் உறுமியது. முள் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று பின்பக்கம் வழுக்கியது. சாறும் தோலும் பட்டு ஒரு சக்கரம் பிடிப்பை விட்டு, கார் வாலை இடமும் வலமும் அடித்தது. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. எதிரே வொர்க்‌ஷாப் கதவு திறந்து கிடக்கிறது, அதற்கப்பால் ரோடு. பெல்ட் அறுந்தால் பாய்ந்துவிடும் என்று தெரிந்தது. சாந்தி என் பெயரைச் சொல்லிக் கத்தியது அந்த இரைச்சலிலும் கேட்டது. "கால எடு! கால எடுடா!" என்று அண்ணன் அலறினார். காலை எடுத்தேன். கார் குலுங்கிக் குலுங்கி நின்றது. பெல்ட் பிடித்துக்கொண்டிருந்தது.

இறங்கினால் எல்லாரும் சிரிக்கிறார்கள்! பயம் தெளிந்த சிரிப்பு. "பிரேக்கு பழத்த வச்சி ஆளையே தூக்கப் பாத்துட்டாரு!" என்று ஒரே கேலி. அண்ணன் நேராகச் சாந்தியிடம் போய், "மன்னிச்சிரும்மா, என்னாலதான், என்னாலதான்" என்று அழுதேவிட்டார். பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசியவர் வொர்க்‌ஷாப் முதலாளிதான். கழற்றிப் போட்ட பழைய பெல்ட்டை எடுத்து, ஒரு முனையைக் கம்பியில் மாட்டி, இரண்டு பேரை விட்டு இழுக்கச் சொன்னார். துணி கிழிவதுபோல் கிழிந்தது. "நசிப் பாய்க் லா" என்று மட்டும் சொன்னார். நல்ல காலம். சாந்தி முதலில் பெல்ட்டைப் பார்த்தாள், பிறகு காருக்கு எதிரே காலியாகக் கிடந்த நிழலைப் பார்த்தாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் அவரை யாரும் 'பிரேக்' என்று சொன்னதில்லை.

பயப்படுகிறவருடைய பாடு இதுதான். அவர் பயந்தது நடந்தால்தான் அவர் சொன்னது சரி என்று ஊர் ஒப்புக்கொள்ளும். நடக்காமல் அவர் தடுத்துவிட்டால் வெறும் கேலிதான் மிஞ்சும். அண்ணன் கேலியையே வாங்கிக்கொண்டு இத்தனை வருடம் எங்களோடு இருந்தார்.

துக்க வீட்டில் அண்ணனின் மனைவி கமலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு மாசமா படி ஏறுனா மூச்சு வாங்குனிச்சி தம்பி. கேட்டா வாயுன்னுட்டாரு. ஒங்ககிட்டயாச்சும் ஏதாவது சொன்னாரா?"

சொல்லவில்லை அக்கா. நாங்கள் கேட்கவும் இல்லை. பயப்படும் வேலையை மொத்தமாக அவர் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டோம். அவருக்காகப் பயப்பட எங்களில் ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது. அது என்னைச் சுடுகிறது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பயத்தைத்தான். இந்த வாரம் உங்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து நெஞ்சு எப்படி இருக்கிறது, மூச்சு வாங்குகிறதா, டாக்டரைப் பார்த்தாயா என்று நச்சரித்தவன் நான்தான். பலர் சிரித்தீர்கள். ஒருவர், "ஒனக்கு என்னாச்சி லா?" என்றே கேட்டுவிட்டார். நன்றாகச் சிரியுங்கள். நாளைக்கும் போன் செய்வேன்.