நாற்பது வினாடிப் பாட்டு

எங்கள் இசை வானொலிக்கு இருபத்தைந்து வயதாகிறதாம். சிறப்பு மலர் போடுகிறார்கள். ஓய்வு பெற்ற ஒலிப் பொறியாளன் என்பதால் என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். அச்சுக்குப் போகும் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். இயக்குநர்கள் எல்லோரும் வரிசையாக இருக்கிறார்கள். ரிப்பன் வெட்டிய மேயர்கூட இருக்கிறார். பியோ மியங்-ஓக் பெயர் எங்கேயும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஒரு பக்கத்தை அவளைப் பற்றியே எழுதுகிறேன். போடுவதும் கிழிப்பதும் அவர்கள் இஷ்டம்.

அறுபத்தெட்டில், தென்கொரியாவின் மேற்குக் கரையில், குன்சான் துறைமுகத்துக் குன்றின் மேல் கோபுரம் நட்டுத் தொடங்கியபோது நாங்கள் ஏழு பேர்தான். கோபுரம் சின்னது. ஆனால் கடலில் குறுக்கே மறிக்க எதுவும் இல்லை என்பதால் எங்கள் பாட்டு வெகுதூரம் போனது. மீன்பிடிப் படகுகளில் கேட்டார்கள். ஒட்டுப்பலகை ஆலையில் மதியச் சோற்று வேளையில் கேட்டார்கள். பாட்டு வேண்டுமென்றால் அஞ்சல் அட்டை போட வேண்டும். தங்கள் அட்டை கண்ணில் படட்டும் என்று பூவும் கிளியும் வரைந்து அனுப்புவார்கள். தீவுகளிலிருந்து வரும் அட்டைகளில் மீன் வாடை அடிக்கும்.

அட்டைகளைப் பிரித்து, கேட்ட பாட்டைத் தேடி எடுத்துத் தருவது மியங்-ஓக் அக்காவின் வேலை. இசைத்தட்டு அறை முழுக்க அவள் ராஜ்யம். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், கல்யாணம் ஆகாதவள், வாயைத் திறந்தால் வம்பு.

"ஏம்ப்பா, கை கழுவினியா? முள்ளங்கி கிம்ச்சி ஊறுகா வாசனையோட என் தட்டைத் தொட்டே, விரலை ஒடிச்சுடுவேன்" என்பாள்.

"உங்களுக்குத் தட்டுங்கதான் புள்ளகுட்டிங்க போல!"

"ஆமா. உன்னை மாதிரி எதிர்த்துப் பேசாதுங்க."

பெற்றோர் போரில் போய்விட்டார்கள். தம்பி சங்-இன்னை அவள்தான் வளர்த்தாள். அவன் கல்லூரியில் கிட்டார் வாசித்துப் பாடுவான். பலர் பாடிய இசைத்தட்டு ஒன்றில் முதல் பாட்டு அவனுடையது. தட்டில் பதிவானது அது ஒன்றுதான். எழுபத்தொன்றில் மாணவர் ஊர்வலத்தில் பிடிபட்டவனை நேரே ராணுவத்தில் சேர்த்தார்கள். அடுத்த வருடம் ஒரு மரப்பெட்டியில் சாம்பல் வந்தது. விபத்து என்றார்கள். வீட்டைச் சோதனை போட்டபோதே அவனுடைய புகைப்படங்களையும் அந்த இசைத்தட்டையும் எடுத்துப் போயிருந்தார்கள். அக்காவுக்கு மிஞ்சியது நிலையத்தில் இருந்த பிரதி மட்டும்.

எழுபத்தைந்து கோடையில் தலைநகரிலிருந்து தடைப் பட்டியல்கள் வரத் தொடங்கின. பட்டியலில் உள்ள பாட்டின் மேல், தட்டிலேயே, இரும்பு ஆணியால் குறுக்கே கீற வேண்டும். யாரும் மறந்துகூடப் போட முடியாதபடி செய்வதற்கான ஏற்பாடு அது. கீறுகிற வேலையும் அக்காவுடையதுதான். பட்டியலில் பாட்டின் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கும். மனச்சோர்வு தருவது, அவநம்பிக்கை வளர்ப்பது, இப்படி. சங்-இன் பாட்டுக்கு நேரே 'பாடும் முறை கீழ்த்தரமானது' என்று இருந்தது.

அன்றைக்கு அக்கா போட்ட சத்தம் ஒலிப்பதிவு அறை வரைக்கும் கேட்டது. "கீழ்த்தரமா! பதிவு பண்ண அன்னைக்கு அவனுக்குச் சளிடா! தொண்டை கட்டியிருந்துச்சு! நான்தான் இஞ்சித் தண்ணி போட்டுக் குடுத்து அனுப்பினேன்!"

இருநூறு பாட்டுகளுக்கு மேல் கீறினாள் அவள். ஊராருடைய பாட்டையெல்லாம் கீறியவள் தம்பி பாட்டை மட்டும் கீறவில்லை. அவளைத் தெய்வமாக்கி எழுத நான் வரவில்லை. கீறிவிட்டதாகப் பட்டியலில் குறியிட்டு, தட்டை வேறு உறைக்குள் ஒளித்தாள். அரசாங்கம் அனுப்பும் 'நல்ல பாட்டுகள்' என்று ஒரு ரகம் உண்டு. உறையில் கொடியும் மண்வெட்டியும் இருக்கும். ஒருவரும் அட்டை போட்டுக் கேட்காத பாட்டுகள். அதைவிடப் பத்திரமான இடம் நிலையத்தில் கிடையாது. சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவள் எதையோ கேட்பதைப் பார்த்திருக்கிறேன். என்ன என்று கேட்டதில்லை.

எழுபத்தாறு ஏப்ரல் பதினைந்து. மாதாமாதம் பதினைந்தாம் தேதி விமானத் தாக்குதல் ஒத்திகை. சங்கு ஊதினால் தெருவில் ஒருவரும் நடமாடக் கூடாது. அட்டைப் பையை வாங்கிவர அஞ்சலகம் போன அக்கா, வழியில் மாட்டிக்கொண்டு ஒரு நூடுல்ஸ் கடைக்குள் ஒதுங்கினாள். ஒத்திகை முடிந்ததும் முதலில் நல்ல பாட்டு ஒன்று போக வேண்டும் என்பது இயக்குநர் உத்தரவு. அதற்காக வைத்திருந்த நாடாவை இயந்திரம் கடித்துத் தின்றுவிட்டது. இசைத்தட்டு அறைக்கு ஓடினேன். கொடி போட்ட உறை ஒன்றை உருவி, தட்டில் ஒட்டியிருந்த பெயரைப் பார்க்காமலே ஊசியை வைத்தேன். உறையைப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். நல்ல பாட்டு எதுவானால் என்ன!

திரும்பி நாடாவின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தேன். கிட்டார் கேட்டது. பிறகு கரகரத்த ஒரு குரல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர் முகம் வெளுத்ததும்தான் எனக்கு உறைத்தது. பாய்ந்துபோய் ஊசியைத் தூக்கினேன். நாற்பது வினாடி போயிருந்தது. என் சுறுசுறுப்பை அன்று எல்லோரும் மெச்சினார்கள்.

மறுநாள் மேலிடத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார். 'அது என் கைப்பிழை சார். எப்போதோ அவசரத்தில் நான் உறை மாற்றி வைத்திருப்பேன். அதனால்தான் கீறும்போது அக்கா கண்ணில் படவில்லை.' இந்த வாக்கியங்கள் என் தொண்டை வரைக்கும் வந்தன. சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கலாம், அவளுக்கு நிலைத்திருக்கும். மனைவி மாசமாக இருந்தாள் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிவருகிறேன். அவள் மாசமாக இருந்தது உண்மை. நான் பயந்து செத்ததும் உண்மை.

"நான்தான் ஒளிச்சு வெச்சேன். இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் அக்கா.

இயக்குநர் ஆணியை நீட்டினார். எங்கள் எல்லோர் முன்னாலும், நின்றபடியே, ஓரத்திலிருந்து நடு வரைக்கும் மூன்று தடவை கீறினாள். அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு மீன் சந்தையில் கருவாடு விற்றாள். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டேன்.

ஒலிபரப்பானதையெல்லாம் நாடாவில் பதிந்துவைப்பது நிலையத்து வழக்கம். சாட்சியாகக் கொண்டுபோன அன்றைய நாடா ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. அழித்துவிடச் சொன்னார்கள். நான் திருடி வீட்டில் வைத்தேன். அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் தைரியம் வரவில்லை.

எண்பத்தேழில் தடை நீங்கியது. கீறாத பிரதி யாரிடமாவது உண்டா என்று நிலையமே ஒலிபரப்பில் கேட்டது. மற்ற பாட்டுகளுக்கெல்லாம் கிடைத்தது. சங்-இன் பாட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அப்போதுதான் அந்த நாடாவையும் ஒலிநாடா இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனேன். தலை நரைத்திருந்தது அவளுக்கு.

"கை கழுவினியா?" என்றாள், பதினோரு வருடம் கழித்து.

கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே வைத்து ஓடவிட்டேன். கிட்டார், கரகரத்த குரல், பிறகு ஊசி தூக்குகிற 'டக்'. இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். ஏழு தடவை போட்டேன்.

"அன்னைக்கு அந்த நூடுல்ஸ் கடை ரேடியோவுல இதைக் கேட்டேன். ஒத்திகை முடிஞ்சும் எல்லாரும் அசையாம நிக்கிறாங்க. என் தம்பி பாடுறான். ஊருக்கே பாடுறான்! முழுசாப் பாடி முடிக்கட்டும், அப்புறம் என்னைத் தூக்குல போட்டாலும் சரின்னு நின்னேன்." நாடாச் சுருளைத் தடவிப் பார்த்தாள். "நீ கொஞ்சம் மெதுவா வந்து ஊசியைத் தூக்கியிருக்கக் கூடாதாப்பா?"

மன்னியுங்கள் என்றேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"மிச்ச வரியெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா எந்தெந்த இடத்துல அவன் மூச்சு விட்டான்கிறதுதான் மறந்துபோச்சு" என்றாள்.