மூன்று தட்டுக்குப் பிறகு சைரன் கிடையாது

பழைய அரசு வண்டிகளை விற்கும் யார்டில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'வாங்கும் நோக்கம்' என்று அதில் ஒரு கட்டம். 'படுத்து உறங்கும் வசதியுள்ள பயண வண்டியாக மாற்ற' என்று எழுதினேன். பாதி உண்மை.

யார்டு குமாஸ்தா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல படுத்தவங்க பாதிப் பேரு எந்திரிக்கலம்மா. தெரிஞ்சுதான் வாங்குறீங்களா?"

"தெரியும்."

"அந்த ஓரத்துல ஒரு தபால் வண்டி நிக்குது பாருங்க. தங்கமான வண்டி. கடுதாசி யாரையும் பயமுறுத்தாது."

"நாலு சக்கரமும் இழுக்கணும். மலைக்குப் போற வண்டி."

"உங்க இஷ்டம். ஆசைக்குக் குறுக்கே நான் யாரு?"

ஆம்புலன்ஸுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சட்டத்தில் மேல்துரு மட்டும். கியர் பெட்டியில் எண்ணெய்க் கசிவு இல்லை. முன் அச்சின் ரப்பர் உறை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. பிறகு உள்ளே ஏறி ஸ்டார்ட் செய்து லோ கியர் போடப் பார்த்தேன். கியர் கம்பி அசையவில்லை. யோசிக்காமல் இடது பாதத்தின் பக்கவாட்டால் கீழே ஒரு தட்டு தட்டினேன். கியர் விழுந்தது.

குமாஸ்தா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இதை முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

"எங்கப்பா ஓட்டினார். பத்தொன்பது வருஷம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படிவத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

அப்பா மேல் ஊர் ஆம்புலன்ஸின் ஓட்டுநர். மேல் ஊரில் சிறிய மருந்தகம்தான். பெரிய ஆஸ்பத்திரி கீழ் ஊரில். நடுவே இருபத்தேழு வளைவுகள், பாதி நாள் மூடுபனி, மழைக்காலத்தில் சேறு. அதற்காகத்தான் நான்கு சக்கர இழுவை வண்டி. ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். துவைக்கும்போது அதை எடுக்க மறந்து அம்மா நான்கு சட்டைகளைக் கிழித்திருக்கிறார். "உங்கப்பாவுக்கு ரெண்டு பொண்டாட்டி. ஒருத்திக்குக் கால் ரெண்டு, இன்னொருத்திக்குச் சக்கரம் நாலு. அவளுக்கு மட்டும்தான் மாசாமாசம் எண்ணெய் தேச்சு விடுறாரு" என்பார் அம்மா.

ஓட்டுநர் அறைக்கும் பின்னறைக்கும் நடுவே தடுப்புச் சுவர். அதில் ஒரு சின்னக் கண்ணாடிச் சாளரம், எப்போதோ இறுகிப்போய்த் திறக்காது; எஞ்சின் இரைச்சலில் பின்னால் கத்தினாலும் முன்னால் கேட்காது. பேசுவதற்கு வைத்திருந்த கருவி முதல் மழையிலேயே செத்துவிட்டது. அதனால் அப்பாவும் பின்னால் இருக்கும் சிஸ்டரும் தட்டிப் பேசிக்கொண்டார்கள். பின்னாலிருந்து இரண்டு தட்டு என்றால், ஏற்றியாயிற்று, போகலாம். மூன்று தட்டு என்றால், இனி அவசரம் இல்லை. எதற்கும் ஓட்டுநர் பதிலாக ஒரு தட்டு தட்டுவார்: கேட்டது.

மூன்று தட்டு கேட்டதும் அப்பா சைரனை நிறுத்திவிடுவார். "அதுக்கப்புறம் சைரன் போட்டா வழியில நிக்கிறவங்ககிட்ட பொய் சொல்ற மாதிரி" என்பார். பிறகு மெதுவாகத்தான் ஓட்டுவார், பின்னால் இருப்பவர் குலுங்கக் கூடாது என்று. எங்கள் வீட்டில் யாரும் மேசையில் மூன்று முறை விரல் தட்டக் கூடாது. சின்ன வயதில் நான் தட்டினேன் என்று அம்மா சோற்றுக் கரண்டியாலேயே கையில் போட்டார்.

ஓய்வு பெறும் மாதத்தில் வண்டிக்கும் ஓய்வு. ஏலத்தில் எடுத்துப் பின்னால் ஒரு கட்டில், ஒரு அடுப்பு வைத்து, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரிக்குப் போக வேண்டும் என்பது அவர் திட்டம். நான் வரைபடம் போட்டுக் கொடுத்தேன். "எல்லாரையும் படுக்க வெச்சு ஓட்டியாச்சு இன்ஜினியரம்மா. அங்க படுத்தா மேல என்ன தெரியும்? ஒரு தடவை நான் பின்னால படுத்துப் பார்க்கணும்" என்றார்.

படுத்தார். கடைசி மூன்று வாரம் விடுப்பில் இருந்தபோது நெஞ்சுவலி வந்தது. அவருடைய வண்டியே வந்தது.

அன்று ஓட்டியவர் மருந்தகத்தின் மாற்று ஓட்டுநர். அவரை எல்லோரும் 'அவசரம்' என்றே கூப்பிடுவார்கள். நின்றுகொண்டே சாப்பிடுவார், நடந்துகொண்டே சட்டை மாட்டுவார். பின்னால் அப்பாவோடு இருந்தவர் அதே பழைய சிஸ்டர். நான் கீழ் ஊரில் தொழிற்சாலை இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் வேலையில் இருக்கிறேன். செய்தி கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றேன். மலையிலிருந்து சைரன் கேட்டது. ஒவ்வொரு வளைவாக நெருங்கி வந்தது. 3.41க்கு நின்றுவிட்டது.

அதன் பொருள் அந்த வாசலில் எனக்கு மட்டும் தெரியும்.

ஆறு நிமிடத் தூரத்துக்குப் பதின்மூன்று நிமிடம் ஆயிற்று. வண்டி மெதுவாக வந்தது. கதவைத் திறந்தபோது சிஸ்டர் இரண்டு கையாலும் அப்பாவின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். வியர்வை சொட்டியது. "ஏன்டா சைரனை நிறுத்தின? பாவி, ஏன்டா நிறுத்தின?" என்று கத்தினார்.

"மூணு தட்டினீங்களே!" என்றார் அவசரம்.

"நான் எங்கடா தட்டினேன்? கையை எடுத்தா ஆளு போயிடும்னு அமுக்கிட்டிருக்கேன். தொண்டை கிழியக் கத்தினேன், உனக்குக் காது அவிஞ்சு போச்சா?"

"நீங்கதான் தட்டினீங்க. நான் பதில் கூட தட்டினேன்."

ஏழு நிமிடம் முன்னால் வந்திருந்தாலும் பெரிதாக வித்தியாசம் இருந்திருக்காது என்றார் மருத்துவர். 'இருந்திருக்காது' என்பது அளவு இல்லை. விசாரணையில் சிஸ்டரும் அவசரமும் அவரவர் சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். கோப்பை மூடினார்கள். இருபது வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் பிறகு முகம் பார்க்கவில்லை. அவசரம் வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டார். யார் தட்டியது என்று எனக்குத் தெரிய வேண்டும். படிவத்தில் எழுதாத மீதிப் பாதி அதுதான்.

வண்டியை வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தினேன். அம்மா ஜன்னல் திரையை இழுத்து மூடினார். சமையலறையிலிருந்து கேட்டார்: "தட்டுதா?"

"இல்லம்மா."

"தட்டினா சொல்லு."

கழற்றும் வேலையைத் தொடங்கினேன். மேல்விளக்குகள், சைரன், பக்கக் கோடுகள். ஸ்ட்ரெச்சர் தண்டவாளத்தைக் கழற்றும்போது அதன் அடியில் குழந்தைக் கொலுசு ஒன்று கிடந்தது. யாருடையது என்று கேட்க ஆளில்லை. திருகாணிகளோடு டப்பாவில் போடவும் மனம் வரவில்லை. முன் கண்ணாடியில் மாட்டினேன். மாலையில் தகரம் குளிர்ந்து சுருங்கும்போது பின்னறையில் டிக் டிக் என்று சத்தம் வரும். இயற்பியல். ஆனாலும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு. இரண்டு. ஒன்று.

ஆஸ்பத்திரி வழி முழுவதும் ஓட்டிப் பார்க்காமல் தடுப்புச் சுவரைத் தொடக் கூடாது என்று வைத்திருந்தேன். ஒரு பகலில் மேல் ஊரிலிருந்து இறங்கினேன். அவசரம் ஓட்டியிருக்கக்கூடிய வேகம். தடுப்பில் அதிர்வுமானியை ஒட்டியிருந்தேன். பத்தொன்பது வளைவுகளில் ஒன்றுமில்லை. இருபதாவது, தண்ணீர்த் தொட்டி வளைவு. வண்டி சாய்ந்து நிமிர்ந்தது.

என் தோளுக்குப் பின்னால் மூன்று தட்டு.

என் கை முந்திக்கொண்டது. நானே அறியாமல் தடுப்பில் ஒரு தட்டு தட்டிவிட்டேன். கேட்டது.

இறங்கினேன். சுற்றிவந்து பின்கதவைத் திறந்தேன். மூடுபனி எனக்கு முன்னால் உள்ளே போயிற்று. யாருமில்லை. ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் என் கருவிப் பெட்டி மட்டும். கதவை மூடி மறுபடி ஏறினேன். மேலே போய் இன்னொரு முறை இறங்கினேன். அதே வளைவு. மூன்று.

வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்தேன். மூன்று சிகரங்கள். முதலாவது உயரம், அடுத்தது குறைவு, மூன்றாவது இன்னும் குறைவு. மனிதர் தட்டினால் அப்படிக் குறையாது. கடைசித் தட்டு பலமாகக்கூட இருக்கும். என் விரலாலேயே நாற்பது முறை தட்டிச் சோதித்தேன். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை.

மறுநாள் தடுப்பை ஒட்டிய அலமாரியின் தகரத்தைத் திருகு திருகாகக் கழற்றினேன். உள்ளே காலியான உபரி ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று. அதைப் பிடிக்கும் பட்டையின் கீல் உடைந்திருந்தது. வண்டி சாய்ந்தால் சிலிண்டர் ஊசலாடித் தடுப்பில் மோதும். மூன்று முறை மோதி அடங்கும்.

கீல் உடைந்தது நேற்றோ போன வருடமோ அல்ல. உடைந்த இடத்தில் சைக்கிள் ட்யூப் ரப்பர் சுற்றியிருந்தது. மேல் சுற்று வெடித்து அப்பளமாக நொறுங்கியது. அதற்கடியில் பழைய சுற்று, அதற்கும் அடியில் இன்னொன்று. மொத்தம் பதினோரு சுற்று. ஒவ்வொன்றும் செம்புக் கம்பியால் கட்டி, முனையை உள்ளே மடக்கிய முடிச்சு. அந்த முடிச்சு எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றுக் கொக்கியில் இருக்கிறது. என் முதல் மிதிவண்டிக் கூடையில் இருந்தது.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. பல வருடமாக. வளைவில் தன் முதுகுக்குப் பின்னால் வண்டி பொய் சொன்னதை முதன்முதலில் கேட்டவர் அவர்தான். பழுதுப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் வண்டியைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். மேல் ஊருக்கு ஒரு வாரம் வண்டி இருக்காது. அதனால் எழுதவில்லை. ரப்பர் காயக் காயப் புதிதாகச் சுற்றினார். சிஸ்டரிடம்கூடச் சொல்லவில்லை. அப்பா அந்த வண்டியை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. விடுப்பில் போகும்போது சாவியைக் கொடுத்தார், இதைச் சொல்லவில்லை. அடுத்தவர் கையில் மூன்றே வாரம். ரப்பர் தாங்கும் என்று நினைத்திருப்பார்.

சமையல் மேசையில் பட்டையை வைத்தேன். அம்மா முடிச்சை மட்டும் தடவிப் பார்த்தார்.

"அவரேவா?"

"ஆமாம்மா."

அம்மா பட்டையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "போய் அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

பட்டையைப் பழையபடி மாட்டினேன். ரப்பர் சுற்றவில்லை. சிஸ்டர் பின்னால் ஏறினார். அவசரம் என் பக்கத்து இருக்கையில், தலையைத் திருப்பாமல். நான் ஓட்டினேன். இருபதாவது வளைவுக்கு முன்னால் சொன்னேன், "மாமா, இப்ப சாளரத்து வழியா பின்னால பாருங்க."

சிஸ்டர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

மூன்று தட்டு.

ஓரமாக நிறுத்தினேன். அவசரம் இறங்கி ஓடவில்லை. இருக்கையிலேயே குனிந்து முகத்தை மூடிக்கொண்டார். சிஸ்டர் இறங்கி வந்து அவர் பக்கக் கதவைத் திறந்தார்.

"நான் பொய் சொல்லலக்கா" என்றார் அவர்.

"நானும்தாண்டா."

"ஒரு வருஷமா தினம் தூக்கத்துல கேக்குதுக்கா."

"எந்திரி. உன் வாழ்க்கையில இப்பவாவது மெதுவா இறங்கு" என்றார் சிஸ்டர். இருவரும் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து அழுதார்கள். நான் அழவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன், அவ்வளவுதான்.

சிலிண்டரையும் பட்டையையும் கழற்றி வீசினேன். ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில், அதே நீளத்தில், வரைபடத்தில் இருந்தபடி கட்டில். எதிரே அடுப்பு. தடுப்புச் சுவரின் இரண்டு பக்கமும் இப்போது வெற்றுத் தகரம். தொங்குவது, ஆடுவது, தளர்ந்தது எதுவும் இல்லை. திருகு திருகாகச் சரிபார்த்தேன்.

போன வாரம் ஏரிக்குப் போனேன். பகல் மூன்றரை மணி இருக்கும். பனி இறங்கித் தண்ணீர் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பின்கதவைத் திறந்து வைத்துக் கட்டிலில் படுத்தேன். தலை தடுப்புப் பக்கம், அப்பா படுத்தபடி. எஞ்சின் குளிர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. காற்று இல்லை.

இங்கே படுத்தால் மேலே என்ன தெரியும் என்று அவர் கேட்டிருந்தார். கூரை விளக்கைச் சுற்றி நான்கு திருகாணிகள் தெரியும். ஒன்று மட்டும் வேறு தலை.

3.41 ஆனது. காத்திருந்தேன். 3.54 ஆனது. சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வேறு மொழி வரவில்லை. கையைத் தலைக்குப் பின்னால் நீட்டித் தடுப்பில் இரண்டு தட்டு தட்டினேன். ஏற்றியாயிற்று. போகலாம்.

முன்னால் ஓட்டுநர் இருக்கை காலி. சாவி என் பையில்.

ஒரு தட்டு வந்தது.

அதிர்வுமானி வீட்டில் இருந்தது. இருந்தாலும் பயனில்லை. ஒரே ஒரு தட்டை எதோடும் ஒப்பிட முடியாது.