சாவுக் காப்பியில் இரண்டாவது கோப்பை

பெற்ற பிள்ளை என்றும் பார்க்காமல் பெட்ரியை நாலு அறை விடலாம் போலிருந்தது லெம்பிக்கு. புருஷன் ஆர்வியைப் புதைத்துவிட்டு வந்து, தேவாலய மண்டபத்தில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. மிலானில் வேலை பார்க்கும் இந்த மகாராசன் யாரைக் கேட்டு இத்தாலிக் காப்பி இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கினான்? கட்டைவிரல் அளவுக்குக் கோப்பை. அதற்குள் தார் மாதிரி ஏதோ ஒன்று. இதே மண்டபத்தில் ஊரார் சாவுக்கெல்லாம் காப்பி ஊற்றிக் கை காய்த்துப்போனவள் அவள். சொந்தப் புருஷன் சாவுக்கு இந்தக் கூத்து!

பின்லாந்தில், எங்கள் கூமோ ஊரில் முதல் கோப்பைக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டாவதை ஊற்றினால்தான் நாக்கு புரளும், செத்தவரைப் பற்றி ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள். லெம்பி ஒரே ஒருவன் பேச்சுக்காகக் காத்திருந்தாள். ஆர்வியின் தம்பி தைஸ்டோ. காட்டு எல்லைத் தகராறில் அண்ணனோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. இன்றாவது அண்ணனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

தைஸ்டோ ஒரே மடக்கில் விழுங்கி முகத்தைச் சுளித்தான். அடுத்தது வருமென்று பார்த்தான். வரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

லெம்பி மகன் மேல் பாய்ந்தாள். "டேய், அடுத்த ரவுண்டு எங்கடா?"

"ஒண்ணு போதும்மா. மிலான்ல நின்னுக்கிட்டே குடிச்சிட்டுப் போயிடுவாங்க."

"உங்கப்பா என்ன மிலான்லயா செத்தாரு? இது பின்லாந்துடா, வெளங்காதவனே! ஒரு கப்போட நிறுத்தினா, எந்திரிச்சுப் போன்னு அர்த்தம்."

பரிமாற வந்த பெண்கள் தங்களுக்கென்று போட்டு வைத்திருந்த ஊர்க் காப்பி சமையலறையில் கெண்டி நிறைய இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தைஸ்டோ கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்திருந்தான்.

"உக்காரு தைஸ்டோ."

"போதும் அண்ணி."

"உன்னைக் கேக்கலை. உக்காரு."

பெரிய கோப்பையில் வழிய வழிய ஊற்றினாள். பாதி குடித்தவன் தலையை நிமிர்த்தாமலே பேசினான்.

"போன குளிர்காலத்துல அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். சமாதானமாப் போயிடலாம்னுதான் வந்தான். ஒரு கப் ஊத்தினேன். கெண்டியை எடுத்து உள்ளே வச்சிட்டேன். காலிக் கப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தான். அப்புறம் போயிட்டான்."

ஆர்வி இதைப் பற்றி அவளிடம் மூச்சுக்கூட விட்டதில்லை. லெம்பிக்குக் கெண்டியை அப்படியே அவன் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பையை மறுபடி நிரப்பினாள்.

"குடி. குடிச்சிட்டு எந்திரிச்சு நில்லு. என்கிட்ட சொன்னதை இத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."